சிவப்பு போனாலும் சூடு போகாது

ஹரியானா மாநிலம் தில்லியை ஒட்டி இருக்கிறது. அங்கே பல கிராமத்து வீடுகளில் வாசல் பக்கம் ஓர் அறை இருக்கும். அதற்குப் 'பைட்டக்' என்று பெயர். ஊர் ஆண்கள் கூடிப் பேசும் இடம் அது. தமிழ்நாட்டுத் திண்ணை போல என்று வைத்துக்கொள்ளலாம். மாலையானால் பெரியவர்கள் வருவார்கள். கயிற்றுக் கட்டிலில் உட்காருவார்கள். நடுவில் ஹூக்கா இருக்கும்.

ஹூக்கா என்பது புகை பிடிக்கும் கருவி. கீழே தண்ணீர்ப் பாத்திரம். மேலே 'சிலம்' என்னும் மண் கிண்ணம். கிண்ணத்தில் புகையிலை. புகையிலைக்கு மேலே நெருப்புக் கங்கு. கங்கின் சூட்டில் புகையிலை புகையும். அந்தப் புகை தண்ணீருக்குள் புகுந்து, குழாய் வழியாக வாய்க்கு வரும்.

தண்ணீரில் புகுந்து வருவதால் புகை சுத்தமாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. தண்ணீர் புகையைக் குளிர வைக்கும், அவ்வளவுதான். நஞ்சு நஞ்சாகவே உள்ளே போகிறது. ஹூக்காவை விட்டுவிடுவதே உடம்புக்கு நல்லது. ஆனால் இங்கே பார்க்கப்போவது புகையைப் பற்றி அல்ல. அந்த நெருப்பைப் பற்றி.

கங்கு எங்கிருந்து வருகிறது?

முன்பு இது ஒரு கேள்வியே இல்லை. வீட்டில் விறகு அடுப்பு எரியும். வறட்டி எரியும். சமையல் முடிந்த பிறகும் அடுப்பில் கங்கு கிடக்கும். இடுக்கியால் நாலு கங்கை எடுத்துச் சிலத்தில் வைத்தால் போதும்.

இப்போது பல வீடுகளில் கேஸ் அடுப்பு வந்துவிட்டது. கண் எரிச்சல் போயிற்று. இருமல் குறைந்தது. பெண்களுக்கு நல்ல காலம். ஆனால் கேஸ் அடுப்பில் கங்கு கிடைக்காது. கரியைத் தனியாக வாங்கித் தனியாகப் பற்ற வைக்க வேண்டும்.

நகரங்களிலும் இதே கதைதான். அங்கே ஹூக்காவுக்குத் தேங்காய்ச் சிரட்டைக் கரி விற்கிறது. காங்கேயம் பக்கத்தில் சிரட்டையைச் சுட்டுக் கரியாக்குகிறார்களே, அதே மாதிரிக் கரிதான். பொடியாக்கி, அழுத்தி, சிறு சிறு கட்டியாகச் செய்திருப்பார்கள். இந்தக் கட்டி தீக்குச்சிக்குப் பற்றாது. பத்து நிமிடமாவது நல்ல சூட்டில் இருக்க வேண்டும்.

இந்தப் பத்து நிமிட வேலைக்குத்தான் கரண்ட் அடுப்பு வந்தது. சுருள் கம்பி அடுப்பு. 'காயில்' அடுப்பு என்றும் சொல்வார்கள். வட இந்தியாவில் பலர் இதை 'ஹீட்டர்' என்பார்கள். விலை குறைவு. சுவிட்சைப் போட்டால் சிவக்கும். கரியை மேலே வைத்தால் பற்றிக்கொள்ளும்.

சுலபம்தான். ஆனால் ஒரே இடத்தில் மூன்று ஆபத்துகள் சேர்கின்றன. மின்சாரம் ஒன்று. சிவந்த கம்பி ஒன்று. கரி நெருப்பு ஒன்று. முதல் ஆபத்துக்குச் சுவிட்ச் உண்டு. மற்ற இரண்டுக்கும் சுவிட்ச் கிடையாது. இதைப் புரிந்துகொண்டால் பாதி ஆபத்து விலகும்.

இரண்டு வகை அடுப்பு

எல்லாக் காயில் அடுப்பும் ஒன்றல்ல. இரண்டு வகை உண்டு. வாங்கும்போதே பார்க்க வேண்டும்.

முதல் வகையில் வட்டமான மண் தட்டு இருக்கும். அதில் வளைந்து வளைந்து பள்ளம் இருக்கும். பள்ளத்தில் சுருள் கம்பி வெளியே தெரியும்படி கிடக்கும். இந்தக் கம்பிக்கு 'நிக்ரோம்' என்று பெயர். நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகம் அது. இந்தக் கம்பிக்கு எந்த உறையும் இல்லை. அடுப்பு எரியும்போது அதில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதைத் தொட்டால் கரண்ட் கம்பத்துக் கம்பியைத் தொட்ட மாதிரிதான்.

இரண்டாவது வகையில் கம்பி வெளியே தெரியாது. அது ஒரு உலோகக் குழாய்க்குள் இருக்கும். கம்பிக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு வெள்ளைப் பொடியை இறுக்கி அடைத்திருப்பார்கள். மெக்னீசியம் ஆக்சைடு என்பது அதன் பெயர். இந்தப் பொடி சூட்டை வெளியே விடும். மின்சாரத்தை வெளியே விடாது. குழாய் நல்ல நிலையில் இருக்கும்வரை மேலே ஷாக் வராது.

விலை குறைந்தது முதல் வகைதான். பழைய வீடுகளில் அதிகம் கிடப்பதும் அதுதான். கரி பற்ற வைக்க அது கொஞ்சமும் ஏற்றதல்ல. ஏன்?

கரியைப் புரட்டிப் புரட்டி வைக்க வேண்டும். புரட்ட இரும்பு இடுக்கி வேண்டும். இரும்பு இடுக்கியின் நுனி கம்பியில் பட்டால் மின்சாரம் கைக்கு வரும். கரியும் சும்மா இருக்காது. நன்றாகச் சுட்ட கரி மின்சாரத்தைக் கடத்தும். டார்ச் லைட் பேட்டரியின் நடுவில் கறுப்புக் குச்சி இருக்குமே, அதுவும் கரிதான். மின்சாரத்தைக் கடத்துவதற்காகவே அதை அங்கே வைக்கிறார்கள். ஆகவே இடுக்கி கம்பியில் படாமல் கரியில் மட்டும் பட்டாலும் ஷாக் அடிக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. கரித் துண்டு உடைந்து பள்ளத்தில் விழும். சாம்பல் சேரும். அந்த இடத்தில் கம்பி அளவுக்கு மீறிச் சூடாகும். ஒரு நாள் அறுந்துபோகும்.

அறுந்த கம்பியை என்ன செய்கிறார்கள்?

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். ரோத்தக் பக்கம் ஒரு கிராமம். பைட்டக்கில் ஃபேன் சரிசெய்ய ஒரு மின் மிஸ்திரி வருகிறார். இளைஞர். மூலையில் காயில் அடுப்பு இருப்பதைப் பார்க்கிறார். வீட்டுப் பெரியவரை 'தாவூ' என்று அழைக்கிறார். தாவூ என்றால் பெரியப்பா. அந்தப் பக்கத்தில் வயதில் மூத்தவரை அப்படித்தான் அழைப்பார்கள்.

"தாவூ, இந்தக் கம்பியில் மூன்று இடத்தில் முறுக்கு இருக்கிறதே?"

"அறுந்துபோச்சு மகனே. நான்தான் முறுக்கிச் சேர்த்தேன். இப்போது முன்பைவிட நன்றாகச் சிவக்கிறது. கங்கும் சீக்கிரம் பிடிக்கிறது."

"அதுதான் ஆபத்து, தாவூ. ஒவ்வொரு தடவை முறுக்கும்போதும் கம்பியின் நீளம் குறைகிறது. நீளம் குறைந்தால் அதிக மின்சாரம் இழுக்கும். அதனால்தான் அதிகம் சிவக்கிறது. சுவருக்குள் இருக்கும் ஒயர் பழசு. அது இவ்வளவு தாங்காது."

"ஒயர் இதுவரைக்கும் தாங்கிக்கொண்டுதானே இருக்கிறது?"

"ஒயர் சுவருக்குள் இருக்கிறது. தாங்குகிறதா, கருகுகிறதா என்று வெளியே எப்படித் தெரியும்? அடுப்பு எரியும்போது இந்தப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், தாவூ. சுடுகிறதா இல்லையா?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. பிளக் சுடுவது அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

மிஸ்திரி சொன்னது சரி. பிளக் சுட்டாலும், பிளக் ஓட்டை கறுத்திருந்தாலும், பிளாஸ்டிக் தீய்ந்த வாடை வந்தாலும் உடனே நிறுத்த வேண்டும். ஒயருக்கு வாய் இல்லை. சூட்டாலும் வாடையாலும்தான் அது பேசும்.

ஒயர் எவ்வளவு தாங்கும்?

இதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். அடுப்பின் அடியில் ஒரு தகடு இருக்கும். அதில் 'வாட்' எழுதியிருக்கும். 1000 வாட், 1500 வாட், 2000 வாட் என்று இருக்கலாம். வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். வாட்டை 230 ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். ஒயரில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பதை ஆம்பியர் சொல்லும்.

1000 வாட் அடுப்பு சுமார் 4.3 ஆம்பியர் இழுக்கும்.
1500 வாட் அடுப்பு சுமார் 6.5 ஆம்பியர் இழுக்கும்.
2000 வாட் அடுப்பு சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும்.

இப்போது சுவரைப் பாருங்கள். சின்னப் பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது. பெரிய பிளக் பாயிண்ட் 16 ஆம்பியருக்கானது. 1500 வாட் அடுப்பைச் சின்னப் பாயிண்டில் செருகினால் அளவு மீறுகிறது. சின்னப் பாயிண்டுக்குப் பின்னால் போகும் ஒயரும் மெல்லியதாக இருக்கும். ஒற்றையடிப் பாதையில் லாரி ஓட்டுவது போலத்தான்.

9 வாட் எல்.இ.டி. பல்புகள் நூற்றுக்கு மேல் எரிய எவ்வளவு மின்சாரம் வேண்டுமோ, அவ்வளவை ஒரு 1000 வாட் அடுப்பு தனியாக இழுக்கிறது. அடுப்பு சின்னதாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது.

பெரிய பிளக்கைச் சின்னப் பாயிண்டில் செருக ஒரு கட்டை கடையில் கிடைக்கும். அது பிளக்கின் அளவைத்தான் மாற்றும். ஒயரின் பலத்தை மாற்றாது. அடுப்புக்கு அந்தக் கட்டை கூடாது. எக்ஸ்டென்ஷன் பெட்டியும் கூடாது. சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் ஒயர் இன்னும் மோசம். சுருளுக்குள் சூடு வெளியேற வழி இருக்காது.

ஃபியூஸ் போனால் சிலர் என்ன செய்கிறார்கள்? ஒயரிலிருந்து நாலைந்து செப்புக் கம்பியை எடுத்து முறுக்கிப் போடுகிறார்கள். ஃபியூஸ் என்பது ஆபத்து வந்தால் தான் உருகி வீட்டைக் காப்பாற்றும் கம்பி. தடித்த செப்புக் கம்பி உருகாது. அப்புறம் உருகுவது சுவருக்குள் இருக்கும் ஒயர்தான். எம்.சி.பி. சுவிட்ச் இருந்தால் அது தானாக விழும். அது அடிக்கடி விழுந்தால் மறுபடி மறுபடி தூக்கிவிடாமல், ஏன் விழுகிறது என்று பார்க்க வேண்டும். ஷாக்கிலிருந்து காக்க ஆர்.சி.சி.பி. என்று இன்னொரு சுவிட்ச் இருக்கிறது. முடிந்தால் அதையும் பொருத்திக்கொள்ளலாம்.

அடுப்புக்கு மூன்று கால் பிளக் இருக்க வேண்டும். மேலே இருக்கும் தடித்த கால் எர்த். ஒயரில் பச்சை நிறம். அடுப்பின் உடம்பில் மின்சாரம் கசிந்தால் எர்த் அதை மண்ணுக்குக் கொண்டுபோய்விடும். பிளக் நுழையவில்லை என்று அந்தக் காலை உடைத்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போயிற்று. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள்.

கரண்ட் போய் வந்தால்

இது பலரும் நினைத்துப் பார்க்காத ஆபத்து.

மாலை ஆறு மணி. அடுப்பில் கரியை வைக்கிறார்கள். இரண்டு நிமிடத்தில் கரண்ட் போய்விடுகிறது. இனி எப்போது வருமோ என்று எழுந்து போய்விடுகிறார்கள். சுவிட்ச் போட்டபடியே இருக்கிறது. இருட்டில் யாரோ கட்டிலை நகர்த்துகிறார்கள். ரஜாய் ஒரு பக்கம் தொங்குகிறது. ரஜாய் என்றால் பஞ்சு அடைத்த கனமான போர்வை. ராத்திரி ஒன்பது மணிக்குக் கரண்ட் வருகிறது. அறையில் யாரும் இல்லை. அடுப்பு மட்டும் சிவக்கிறது. பக்கத்தில் பஞ்சு.

இதற்கு வழி எளிது. கரண்ட் போனதும் முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவது. டார்ச் லைட்டைத் தேடுவது இரண்டாவது வேலை.

சுவிட்சை அணைத்தால் போதாதா, ஏன் பிளக்கைப் பிடுங்க வேண்டும்? அதற்கும் காரணம் இருக்கிறது. ஒயரில் 'ஃபேஸ்' என்றும் 'நியூட்ரல்' என்றும் இரண்டு கம்பிகள் உண்டு. ஃபேஸ்தான் ஷாக் அடிக்கும் கம்பி. சுவிட்ச் ஃபேஸில் இருக்க வேண்டும். சில வீடுகளில் ஒயரை மாற்றிப் போட்டிருப்பார்கள். சுவிட்ச் நியூட்ரலில் போய்விடும். அப்போது சுவிட்சை அணைத்தால் அடுப்பு அணையும். ஆனால் கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். சாம்பல் துடைக்கலாம் என்று கையை வைத்தால் உயிர் போகலாம். சுத்தம் செய்வது என்றால் பிளக்கைப் பிடுங்கி, அடுப்பு முழுவதும் ஆறிய பிறகுதான்.

சுவிட்சை அணைத்த பிறகு

சுவிட்சை அணைத்ததும் காயிலின் சிவப்பு ஒரு நிமிடத்துக்குள் மங்கும். கறுப்பாகிவிடும். ஆறிவிட்டது என்று கண் சொல்லும். கண்ணை நம்பக் கூடாது.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. காகிதம் சுமார் 230 டிகிரியில் பற்றிக்கொள்ளும். காயில் சிவப்பாகத் தெரிய வேண்டும் என்றால் அது 500 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் கறுப்பாகத்தான் தெரியும். அப்படியென்றால் 400 டிகிரியில் இருக்கும் காயிலும் கறுப்புதான். 300 டிகிரியில் இருப்பதும் கறுப்புதான். காகிதத்தை எரிக்கும் சூடு அதில் இருக்கிறது. கையில் பட்டால் தோல் உரிந்துவிடும். குழாய் வகை அடுப்பு இன்னும் மெதுவாக ஆறும்.

சிவப்பாக இருக்கும்போது குழந்தை பயந்து விலகி நிற்கும். கறுப்பாகிவிட்டால் பயம் இல்லாமல் கையை வைக்கும். ஆகவே அணைத்த பிறகும் அடுப்பைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் விட வேண்டும். அரை மணி நேரமாவது அதன் மேல் எதையும் போடக் கூடாது. சூடு அடங்காத அடுப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளக் கூடாது.

கரி இன்னும் தந்திரமானது. அதன் மேல் வெள்ளைச் சாம்பல் படியும். பார்த்தால் அணைந்தது போல இருக்கும். சாம்பல் ஒரு போர்வை மாதிரி. உள்ளே கங்கு பல மணி நேரம் உயிரோடு இருக்கும். காற்று வந்தால் மறுபடி சிவக்கும். ஹூக்கா முடிந்ததும் சாம்பலைக் குப்பைக் கூடையில் கொட்டினால் ராத்திரி எந்த நேரத்திலும் தீ வரலாம். வைக்கோல் பக்கம், வறட்டிக் குவியல் பக்கம் கொட்டினால் சொல்லவே வேண்டாம்.

கங்கையும் சாம்பலையும் ஓர் இரும்பு வாளியில் போடுங்கள். பிளாஸ்டிக் வாளி வேண்டாம். வாளியை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றுங்கள். 'உஸ்' என்ற சத்தம் நிற்கும்வரை ஊற்றுங்கள். கிளறிவிட்டு மறுபடி ஊற்றுங்கள். சூடான அடுப்பின் மேல் மட்டும் தண்ணீர் படக் கூடாது.

பத்து நிமிடம் யார் உட்காருவது?

கரி பற்ற எட்டு முதல் பன்னிரண்டு நிமிடம் ஆகும். அந்த நேரம் முழுவதும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். டீ போட்டுவிட்டு வருகிறேன், போன் பேசிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போவதில்தான் பல தீ விபத்துகள் தொடங்குகின்றன. வேலை இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போக வேண்டும்.

அடுப்பைச் சிமெண்டுத் தரையில் அல்லது கல்லின் மேல் வைக்க வேண்டும். பாய், பலகை, பிளாஸ்டிக் ஸ்டூல் எதுவும் கூடாது. அடியில் செய்தித்தாள் விரிக்கக் கூடாது. சாம்பல் சிந்தாமல் இருக்க என்று சிலர் விரிக்கிறார்கள். நெருப்புக்கு விரித்த பாய் அது. சுற்றி மூன்று அடிக்குள் துணி, திரை, கட்டில், வைக்கோல் எதுவும் இருக்கக் கூடாது. துப்பட்டாவும் புடவைத் தலைப்பும் தொங்காமல் செருகிக்கொள்ள வேண்டும். நைலான், பாலியஸ்டர் துணி தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

ஈரக் கரி சூட்டில் வெடிக்கும். பொறி தெறிக்கும். கரியை வெயிலில் காய வைத்துப் பயன்படுத்துங்கள். ஃபேன் காற்று கரியின் மேல் படக் கூடாது. சீக்கிரம் பற்றட்டும் என்று மண்ணெண்ணெய், பெட்ரோல் எதையும் தெளிக்கக் கூடாது. மருந்து தடவிய ஒரு வகைக் கரி கடையில் உண்டு. அது தீக்குச்சிக்கே பற்றும். பற்றும்போது பொறி பறக்கும். அதைக் காயிலின் மேல் வைக்க வேண்டாம்.

பற்றிய கங்கை இடுக்கியில் பிடித்து அறைக்குக் குறுக்கே நடக்கக் கூடாது. பிடி வைத்த இரும்புக் கூடையில் எடுத்துப் போக வேண்டும். ஒரு கங்கு பாயில் விழுந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் போனால், தேடி எடுப்பதற்குள் புகை வந்துவிடும்.

மும்பையில் நடந்தது

ஒரு பொறி என்ன செய்யும்? மும்பையில் லோயர் பரேல் என்ற பகுதி இருக்கிறது. அங்கே கமலா மில்ஸ் என்ற பழைய ஆலை வளாகத்தில் கட்டடங்களும் உணவகங்களும் வந்துவிட்டன. 2017 டிசம்பர் 29 அன்று, நள்ளிரவு தாண்டிய நேரம். மாடி உணவகங்களில் தீப்பிடித்தது. 14 பேர் இறந்தார்கள். ஹூக்காவுக்கு வைத்திருந்த கரியிலிருந்து பறந்த பொறிதான் காரணமாக இருக்க வேண்டும் என்று தீயணைப்புத் துறையின் விசாரணை சொன்னது. அங்கே எளிதில் தீப்பிடிக்கும் கூரையும் திரைத் துணியும் இருந்தன.

இறந்தவர்களில் பலர் தீயில் எரிந்து இறக்கவில்லை. தப்பிக்கக் கழிப்பறைக்குள் ஓடினார்கள். அங்கே புகை சூழ்ந்துகொண்டது. மூச்சு முட்டி இறந்தார்கள். தீப்பிடித்தால் கழிப்பறைக்குள் ஒளியக் கூடாது. தரையோடு தரையாகக் குனிந்து, தவழ்ந்து, வெளியே போகும் வழியைத் தேட வேண்டும். புகை மேலே போகும். தரைப் பக்கம் கொஞ்சம் காற்று இருக்கும்.

அதற்குப் பிறகு 2018இல் மகாராஷ்டிரா அரசு ஹூக்கா கடைகளைத் தடை செய்தது. குஜராத், பஞ்சாப், தமிழ்நாடு, கர்நாடகா, தெலங்கானா மாநிலங்களிலும் தடை இருக்கிறது. ஹரியானா அரசும் 2023இல் ஓட்டல்களில் ஹூக்கா கொடுக்கத் தடை அறிவித்தது. ஆனால் கிராமத்து மரபு ஹூக்காவுக்கு அந்தத் தடை இல்லை என்று சொன்னது. ஆகவே பைட்டக்கில் பாதுகாப்பைப் பார்க்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. வீட்டில் உள்ளவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத புகை

குளிர்காலத்தில் வட இந்தியாவில் கதவு, ஜன்னல் எல்லாம் மூடிவிடுவார்கள். அறைக்குள் கங்கு இருந்தால் கதகதப்பாக இருக்கும். தூக்கம் வரும். அந்தத் தூக்கத்தில்தான் ஆபத்து.

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வருகிறது. அதற்கு நிறம் இல்லை. வாடை இல்லை. மூச்சில் போனால் ரத்தத்தில் பிராண வாயுவின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். முதலில் தலை வலிக்கும். மயக்கம் வரும். வாந்தி வரும். தூங்குகிறவருக்கு இது எதுவும் தெரியாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். 'அங்கீட்டி' என்னும் கரிச் சட்டியை மூடிய அறையில் வைத்துத் தூங்கி இறந்தவர்கள் பற்றி ஒவ்வொரு குளிர்காலத்திலும் செய்தி வருகிறது. ஹூக்காக் கங்கும் அதே கரிதான்.

அடுப்பு மின்சாரத்தில் எரிகிறது, அதனால் புகை இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அடுப்பில்தான் மின்சாரம். கரியில் நெருப்பு. கரி பற்ற வைக்கும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அறையில் யாரும் தூங்கக் கூடாது. படுக்கும் முன் கங்கு, சாம்பல், சிலம் மூன்றும் வெளியே போய்விட வேண்டும். ஒரே அறையில் இரண்டு மூன்று பேருக்குத் தலை வலித்தால் மருந்து தேட வேண்டாம். எல்லோரும் உடனே வெளியே வந்துவிட வேண்டும்.

தீப்பிடித்துவிட்டால்

முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். மின்சாரம் இருக்கும் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீர் வழியாக ஷாக் வரும். மண்ணை, மணலை அள்ளிப் போடலாம். அடுப்புப் பக்கத்தில் ஒரு வாளி மணல் எப்போதும் இருந்தால் நல்லது. மின்சாரத்தை நிறுத்திய பிறகு, பாய், துணி எரிந்தால் தண்ணீர் ஊற்றலாம்.

யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடக் கூடாது. முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் அவரைக் கம்பியிலிருந்து தள்ளிவிட வேண்டும்.

உடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. ஓடினால் காற்றில் தீ வளரும். தரையில் படுத்து உருள வேண்டும். மற்றவர்கள் கனமான பருத்திப் போர்வையால் அல்லது கம்பளியால் போர்த்தி அணைக்கலாம்.

சுட்ட இடத்தில் ஓடும் தண்ணீர் விட வேண்டும். சாதாரணத் தண்ணீர் போதும். இருபது நிமிடம் விட வேண்டும். ஐஸ் வேண்டாம். மஞ்சள், நெய், பற்பசை, மை எதையும் தடவ வேண்டாம். அவை காயத்தில் ஒட்டிக்கொள்ளும். டாக்டர் சுத்தம் செய்யும்போது வேதனை இரண்டு மடங்காகும். மோதிரம், வளையல் இருந்தால் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தீயணைப்பு நிலையத்துக்கு 101 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 112 என்ற எண்ணிலும் உதவி கிடைக்கும். பணம் கட்ட வேண்டாம். போனில் முதலில் ஊர் பெயரைச் சொல்லுங்கள். பிறகு தெரு, பக்கத்தில் இருக்கும் கோயிலோ பள்ளிக்கூடமோ எது அடையாளம் என்று சொல்லுங்கள். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டிருக்கிறார்களா என்றும் சொல்லுங்கள். அவர்கள் கேள்வி கேட்டு முடிக்கும்வரை போனை வைக்காதீர்கள். வண்டிக்கு வழி காட்ட ஒருவரைத் தெருமுனைக்கு அனுப்புங்கள்.